அமெரிக்க மீத்தேன் கட்டணம் ரத்து: போனது விதியா, சட்டமா?

வளிமம் (கேள்வி):

அமெரிக்க எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் மீத்தேன் உமிழ்வு விதிகள் பற்றி ஒரு குறிப்பு தயாரிக்கிறேன். செய்திகளை வைத்து எழுத முயன்றால் தலைசுற்றுகிறது. "மீத்தேன் விதியை காங்கிரஸ் ரத்து செய்தது" என்று 2021-இலும் செய்தி இருக்கிறது, 2025-இலும் இருக்கிறது. முதல் தடவை ரத்துக்கு வாக்களித்தவர்கள் பெரும்பாலும் டெமாக்ரட்டுகள், இரண்டாம் தடவை ரிபப்ளிகன்கள். இரண்டும் ஒரே விதியாக இருக்க முடியாது என்பது மட்டும் புரிகிறது.

2025 மார்ச்சில் உண்மையில் ரத்தானது எது? 2024-இல் வந்த குவாட் ஓ-பி (OOOOb), குவாட் ஓ-சி (OOOOc) என்ற உமிழ்வுத் தரநிலை விதிகளும் அதோடு போய்விட்டனவா? டன்னுக்கு 900 டாலர் என்ற கட்டணம் இன்னும் சட்டத்தில் இருக்கிறதா? நாளை வேறு ஆட்சி வந்தால் அதே விதியைத் திரும்பக் கொண்டுவரலாமா? தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவி.

பிரிவு136:

குழப்பத்துக்குக் காரணம், இதில் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருப்பதுதான். ஒன்று கட்டணம், மற்றொன்று தொழில்நுட்பத் தரநிலை. இரண்டையும் ஊடகங்கள் "மீத்தேன் விதி" என்றே எழுதுகின்றன.

கட்டணம் 2022 ஆகஸ்டில் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின் வழியாக வந்தது. அது தூய காற்றுச் சட்டத்தில் 136 என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. ஆண்டுக்கு 25,000 டன் கரியமில வாயுவுக்குச் சமமான அளவுக்கு மேல் உமிழும் நிலையங்கள், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு டன் மீத்தேனுக்கும் பணம் கட்ட வேண்டும்: 2024-க்கு 900 டாலர், 2025-க்கு 1,200, 2026 முதல் 1,500. இந்தத் தொகைகளை எழுதியது காங்கிரஸ், சுற்றுச்சூழல் முகமையான இபிஏ அல்ல.

ஆனால் எப்படிக் கணக்கிடுவது, எந்தப் படிவத்தில் தாக்கல் செய்வது, யாருக்கு விலக்கு, ஒரே உரிமையாளரின் நிலையங்களுக்கிடையே வரம்பை எப்படி ஈடுகட்டுவது என்பதையெல்லாம் சட்டம் விரிவாகச் சொல்லவில்லை. அதற்காக இபிஏ 2024 நவம்பரில் ஒரு விதி வெளியிட்டது. 2025 மார்ச்சில் ரத்தானது அந்த விதி மட்டுமே. தீர்மானத்தின் எண் எச்.ஜே.ரெஸ். 35, கொண்டுவந்தவர் டெக்சாஸ் உறுப்பினர் ஆகஸ்ட் ஃப்ளூகர். பிப்ரவரி 26-இல் பிரதிநிதிகள் சபையில் 220-206, மறுநாள் செனட்டில் 52-47, மார்ச் 14-இல் அதிபரின் கையெழுத்து.

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தத் தீர்மானம் 136-ஆம் பிரிவில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மார்ச் முதல் ஜூலை வரை கட்டணம் சட்டத்தில் அப்படியே இருந்தது, வசூலிக்கும் வழிமுறை மட்டும் இல்லை. கடன் அப்படியே நிற்கிறது, ரசீதுப் புத்தகம் மட்டும் காணோம் என்கிற நிலை. "கட்டணம் ஒழிந்தது" என்று அந்த மார்ச்சில் வந்த தலைப்புகள் எல்லாம் தவறு.

கட்டணத்தை நிஜமாகவே நிறுத்தியது 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான பெரிய வரி-செலவுச் சட்டம். அதில் 60012-ஆம் பிரிவு, கட்டணம் தொடங்கும் ஆண்டு 2024 என்று இருந்த இடத்தில் 2034 என்று போட்டது. மற்ற உறுப்புகள் இன்னும் ஏட்டில் இருக்கின்றன. இப்போதுள்ள வாசகப்படி 2034-இல் தொடங்கினால் தொகை நேரடியாக டன்னுக்கு 1,500 டாலர். உங்கள் குறிப்பில் "ரத்து" என்று எழுதாமல் "பத்தாண்டு தள்ளிவைப்பு" என்று எழுதுங்கள்.

குவாட் ஓ-பி, ஓ-சி வேறு கதை. அவை தூய காற்றுச் சட்டத்தின் 111-ஆம் பிரிவின் கீழ் வந்தவை, 2024 மார்ச் 8-இல் வெளியாகி மே 7-இல் நடைமுறைக்கு வந்தன. ஓ-பி என்பது 2022 டிசம்பர் 6-க்குப் பிறகு கட்டிய அல்லது மாற்றியமைத்த நிலையங்களுக்கு. ஓ-சி பழைய நிலையங்களுக்கு, மாநிலங்கள் திட்டம் வகுத்துச் செயல்படுத்துவதற்கான வழிகாட்டி. காங்கிரஸ் இவற்றைத் தொடவில்லை.

மூன்றாம்_வாசிப்பு:

மேலே உள்ளது சரி. காங்கிரஸ் ஏன் தொடவில்லை என்பதைச் சேர்க்கிறேன், ஏனென்றால் விடை கொள்கையில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது.

விதியை ரத்து செய்யப் பயன்பட்ட கருவி 1996-ஆம் ஆண்டின் காங்கிரஸ் மறுஆய்வுச் சட்டம், சுருக்கமாக சிஆர்ஏ. ஓர் அமைப்பு வெளியிடும் இறுதி விதி இரு அவைகளுக்கும் தணிக்கை அலுவலகமான ஜிஏஓ-வுக்கும் போக வேண்டும். போனபின், குறிப்பிட்ட கால அளவுக்குள் கூட்டுத் தீர்மானம் கொண்டுவந்தால் செனட்டில் ஃபிலிபஸ்டர் (விவாதத்தை நீட்டி வாக்கெடுப்பைத் தடுப்பது) கிடையாது. குழு 20 நாளில் அனுப்பாவிட்டால் 30 செனட்டர்கள் கையெழுத்திட்டு வெளியே எடுக்கலாம். விவாதம் அதிகபட்சம் 10 மணி நேரம். திருத்தம் கொண்டுவர முடியாது, தீர்மானத்தின் வாசகமே சட்டத்தில் அச்சிட்டிருக்கிறது: இந்த அமைப்பின் இந்த விதியை காங்கிரஸ் ஏற்கவில்லை, அதற்கு வலுவில்லை, அவ்வளவுதான். எனவே விதியில் பாதியை வைத்துக்கொண்டு மீதியை வெட்டுவது முடியாது. முழுவதும் போகும், அல்லது முழுவதும் நிற்கும்.

கூட்டத்தொடர் முடியும் தறுவாயில் வந்த விதிகளுக்கு அடுத்த காங்கிரஸில் புதிதாக ஒரு கால அவகாசம் பிறக்கும். பின்னோக்கி எண்ணினால் 2025-க்கு அந்த எல்லை 2024 ஆகஸ்டில் விழுந்தது. நவம்பரில் வந்த கட்டண விதி உள்ளே அகப்பட்டது. மார்ச்சில் வந்த குவாட் ஓ-பி, ஓ-சி தப்பித்தன. பைடன் நிர்வாகம் ஓ-பி-யின் இறுதி வாசகத்தை 2023 டிசம்பர் 2-இலேயே துபாய் காலநிலை மாநாட்டில் அறிவித்துவிட்டு அடுத்த மார்ச்சில் அரசிதழில் கொண்டுவந்ததற்கு இந்த எல்லையும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். கட்டண விதியில் அந்தக் கவனம் இல்லாமல் போனது பெரிய இழப்பு.

அடுத்த கேள்வி வரும்: சிஆர்ஏ முடியாவிட்டால், ஜூலைச் சட்டத்தைப் போல வரவு-செலவு வழியில் ஓ-பி-யையும் நீக்கியிருக்கலாமே? முடியாது. அந்த வழியில் செனட்டில் 51 வாக்கு போதும், ஆனால் பைர்ட் விதிப்படி ஒவ்வொரு பிரிவும் அரசின் வரவையோ செலவையோ நேரடியாகத் தொட வேண்டும். கட்டணம் வருவாய், அதனால் பொருந்துகிறது. வால்வு எப்படி இருக்க வேண்டும் என்ற தரநிலை பொருந்தாது. கட்டணம் 2022-இல் பிறந்ததும் இதே வழியில், 51-50 வாக்கில், துணை அதிபரின் தீர்மான வாக்கோடு. 2025-இல் தள்ளிப்போனதும் 51-50-இல், துணை அதிபர் வாக்கோடுதான். வந்த வாசலிலேயே வெளியே போனது.

வளிமம்:

நன்றி, இப்போது படம் தெளிகிறது. இரண்டு துணைக் கேள்வி. 2021-இல் என்ன நடந்தது? அது இப்போதைய நிர்வாகத்தைக் கட்டுப்படுத்துமா? இன்னொன்று, கட்டணம் வந்திருந்தால் ஒரு நிலையத்துக்கு ஏறக்குறைய எவ்வளவு வந்திருக்கும்? அந்த "வரம்பு" எப்படிப் போடுவது?

குளிர்வால்வு:

கணக்கை நான் சொல்றேன், சட்டத்தை மற்றவங்க பார்த்துக்கட்டும்.

உற்பத்தித் தளத்துக்கு வரம்பு, விற்பனைக்கு அனுப்பின எரிவாயுவில் 0.20%. சேகரிப்பு, பதப்படுத்தும் நிலையத்துக்கு 0.05%. நெடுந்தூரக் குழாய்வழி, சேமிப்புக்கு 0.11%. எரிவாயுவே விற்காம எண்ணெய் மட்டும் விற்கிற தளம்னா 10 லட்சம் பீப்பாய்க்கு 10 டன் மீத்தேன்.

ஒரு உதாரணம். ஒரு நிறுவனம் ஒரு படுகையிலிருந்து ஆண்டுக்கு 1,000 கோடி கன அடி வாயு அனுப்புதுன்னு வைங்க. 0.2% என்பது 2 கோடி கன அடி. ஒரு கன அடி மீத்தேன் 0.0192 கிலோ, ஆக 384 டன். அது வரைக்கும் கட்டணம் இல்லை. உமிழ்வு 1,200 டன்னா இருந்தா மிச்சம் 816 டன். 900 டாலர் வீதம் 7,34,400 டாலர். 1,200 வீதம் 9,79,200. 1,500 வீதம் 12,24,000.

இங்க பலர் தடுக்கி விழற இடம், "நிலையம்" என்றால் என்னங்கறது. தரைப்பகுதி உற்பத்தியில் அது ஒரு கிணற்றுத் தளம் இல்லை. ஒரு புவியியல் படுகைக்குள் ஒரே உரிமையாளரின் எல்லாத் தளங்களும் சேர்ந்து ஒரு நிலையம். அதனாலதான் சின்னச் சின்னத் தளம் வச்சிருக்கவங்களும் 25,000 டன்னைத் தாண்டிடறாங்க.

இந்த 1,200 டன் எங்கிருந்து வருது? பெரும்பகுதி சாதாரண கருவிகளிலிருந்துதான். பிரிப்பான் தொட்டியில் திரவ மட்டத்தைப் பார்த்து வால்வைத் திறந்து மூடற நியூமேட்டிக் கன்ட்ரோலர் இருக்கு பாருங்க, மின்சாரம் இல்லாத தளத்துல அது கிணற்று வாயுவோட அழுத்தத்துலதான் ஓடும். ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்சம் வாயுவை வெளியே விடும். மணிக்கு 6 கன அடி விடற ஒரு கன்ட்ரோலர் ஆண்டு முழுக்க ஓடினா 52,560 கன அடி. அது முழுக்க மீத்தேன்னா ஏறக்குறைய 1 டன். ஒரு தளத்துல பத்து பன்னிரண்டு இருக்கும், ஒரு படுகையில நூற்றுக்கணக்கான தளம். கணக்கு எங்கே போகுதுன்னு தெரியும். விட்டு விட்டு வாயு விடவேண்டிய வகை, உள்ளே அழுக்கோ பாரஃபினோ ஒட்டித் திறந்தே நின்னுட்டா வடிவமைப்பு அளவைவிடப் பல மடங்கு கசியும், அதுக்கு அலாரமும் கிடையாது.

குவாட் ஓ-பி இதுக்குப் பூஜ்ய உமிழ்வு கேட்டுது. வழி மூணு. காற்று கம்ப்ரஸர் வச்சு வாயுக்குப் பதிலா காற்றுல ஓட்டறது, மின் ஆக்சுவேட்டர் போடறது, வெளியேற்றற வாயுவைத் திரும்ப அமைப்புக்குள்ளே செலுத்தறது. காற்றுல ஓட்டும்போது உலர்த்தி சரியா வேலை செய்யலேன்னா ஈரம் லைன்ல தங்கும், வடக்கு டகோட்டா மாதிரி குளிரான இடத்துல உறைஞ்சு வால்வு நின்னு போகும். உலர்த்தியையும் கம்ப்ரஸர் காற்றோட பனிநிலையையும் (ஈரம் நீராகத் தொடங்கற வெப்பநிலை) சேர்த்து பராமரிப்பு அட்டவணையில் போடணும். வாங்கின கம்ப்ரஸரை மட்டும் பட்டியல் போட்டு விடறவங்க முதல் குளிர்காலத்துலேயே பழைய வாயு லைனைத் திரும்ப இணைக்கறாங்க.

அடுத்தது தொட்டி மேல இருக்கற தீஃப் ஹேட்ச், அதாவது அளவு எடுக்கத் திறக்கற மூடி. கேஸ்கெட் தேய்ந்தா, அல்லது அளவு எடுத்துட்டு சரியா மூடாம விட்டா, நாள் முழுக்க ஊத்தும். அப்புறம் பைலட் (பற்றவைக்கற சின்னச் சுடர்) அணைஞ்ச ஃப்ளேர், அதாவது மிச்ச வாயுவை எரிக்கற குழாய். எரியாத ஃப்ளேர் வெறும் புகைபோக்கிதான், வர்ற மீத்தேன் முழுக்க அப்படியே மேலே போகும். ஓ-பி பைலட் எரியுதான்னு தொடர்ந்து கண்காணிக்கச் சொல்றதுக்கு காரணம் அதுதான்.

மூன்றாம்_வாசிப்பு:

2021 பற்றி. அங்கே ரத்தானது மீத்தேனைக் கட்டுப்படுத்தும் விதி அல்ல, கட்டுப்பாட்டைத் தளர்த்திய விதி. முன்கதை: 2016 ஜூனில் மீத்தேனுக்கு வரம்பு வைத்த குவாட் ஓ-ஏ விதி வந்தது. 2020 செப்டம்பரில் டிரம்ப் நிர்வாகம் இரண்டு விதிகளை அடுத்தடுத்த நாட்களில் வெளியிட்டது. ஒன்று கொள்கை விதி: மீத்தேன் வரம்பையே நீக்கி, குழாய்வழி மற்றும் சேமிப்புப் பகுதியை விதிக்கே வெளியே தள்ளியது. மற்றது தொழில்நுட்ப விதி: கண்காணிப்பு, அறிக்கை போன்ற விவரங்களை மாற்றியது. ஷெல், பிபி போன்ற பெரிய நிறுவனங்களே அந்தத் தளர்வை விரும்பவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னதும் நடந்தது.

செனட்டர் மார்ட்டின் ஹைன்ரிக் கொண்டுவந்த எஸ்.ஜே.ரெஸ். 14 செனட்டில் 2021 ஏப்ரல் 28-இல் 52-42 என்று நிறைவேறியது. சூசன் காலின்ஸ், லிண்ட்ஸி கிரஹாம், ராப் போர்ட்மன் ஆகிய மூன்று ரிபப்ளிகன்கள் ஆதரித்தார்கள். பிரதிநிதிகள் சபையில் ஜூன் 25-இல் 229-191, ஜூன் 30-இல் கையெழுத்து. அது கொள்கை விதியை மட்டும் வீழ்த்தியது. தொழில்நுட்ப விதி நின்றது. இரண்டையும் ஒன்றாகக் கருதி எழுதப்பட்ட பல சட்டக் குறிப்புகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இனி நீங்கள் கேட்ட கட்டுப்பாடு. சிஆர்ஏ-வால் ரத்தான விதியை "கணிசமாக அதே வடிவில்" மீண்டும் வெளியிடக் கூடாது, புதிய சட்டம் அனுமதித்தால் ஒழிய. ஆகவே 2020-இல் செய்ததைப் போல மீத்தேன் வரம்பை நீக்கிக் குழாய்வழியைப் பட்டியலிலிருந்து எடுக்கும் விதியை இபிஏ நகலெடுத்துக் கொண்டுவர முடியாது. மறுபக்கம், 2025-இல் ரத்தான கட்டண விதியைப் போன்ற ஒன்றை நாளை ஒரு டெமாக்ரட் நிர்வாகமும் கொண்டுவர முடியாது. ஆனால் "கணிசமாக அதே" என்பது எந்த அளவு என்று எந்த நீதிமன்றமும் எண்ணில் சொல்லிவிடவில்லை. மேலும் சிஆர்ஏ நடவடிக்கைகளை நீதிமன்றம் ஆய்வு செய்யலாகாது என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, அது எதுவரை நீளும் என்பதிலும் நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே இதை உறுதியான சுவர் என்று எழுதாதீர்கள், வழக்குக்கு உரிய இடம் என்று எழுதுங்கள்.

இதில் 2017-ஐயும் விட்டுவிடாதீர்கள். பொது நிலங்களில் எரிவாயு வீணாவதைத் தடுக்க நில மேலாண்மைப் பணியகம் 2016 நவம்பரில் போட்ட விதியை ரத்து செய்ய வந்த தீர்மானம், பிப்ரவரியில் சபையில் 221-191 என்று போய், மே 10-இல் செனட்டில் 49-51 என்று தோற்றது. ஜான் மெக்கெய்ன், காலின்ஸ், கிரஹாம் எதிர்த்தார்கள். மெக்கெய்ன் சொன்ன காரணம், ரத்தானால் பணியகம் இனி இதே போன்ற விதியைப் போட முடியாமல் போய்விடும் என்பது. சிஆர்ஏ-யில் எது ஆபத்தானது என்று ஒருவர் அப்போதே சரியாகப் பிடித்திருந்தார். விதியை நீக்குவது ஒரு அளவு, நாளை அதைத் திரும்பப் போடும் கையையும் கட்டுவது வேறு அளவு.

பிரிவு136:

இப்போது குவாட் ஓ-பி, ஓ-சி எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் அவற்றை நிறுத்திவைக்க மறுத்தது. 2025-இல் நிர்வாகம் வாசகத்தை நீக்கவில்லை, தேதிகளை நீட்டியது. ஜூலை கடைசியில் வந்த இடைக்கால இறுதி விதி, கன்ட்ரோலர், மூடிய வெளியேற்ற அமைப்பு, தொட்டி, மிகை உமிழ்வுத் திட்டம் போன்ற பல அம்சங்களின் தேதியை 2027 ஜனவரி 22-க்குத் தள்ளியது. மாநிலங்கள் திட்டம் சமர்ப்பிக்க வேண்டிய நாளும் 2026 மார்ச்சிலிருந்து அங்கேயே போனது.

தேதி நீட்டிப்பு சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் மாநிலத் திட்டங்கள் வந்தபிறகு பழைய நிலையங்களுக்கு அவகாசம் ஓடுகிறது, ஆகவே முதல் தேதி நகர்ந்தால் கடைசித் தேதியும் நகரும். சட்டவாசகத்தில் எதுவும் மாறாமலேயே பழைய கிணறுகள் இன்னும் பல ஆண்டுகள் கசியலாம். வாக்கெடுப்பு நடந்தால் பெயர்கள் பதிவாகும், தலைப்புச் செய்தி வரும். தேதி மாற்றத்துக்கு அது எதுவும் இல்லை. என்னைப் பொறுத்தவரை 2025-இன் மோசமான பகுதி அந்தத் தீர்மானம் அல்ல, இந்த நீட்டிப்புதான்.

இன்னொரு தொடர்பு: பிரிவு 136-இன் விலக்கு, 111-ஆம் பிரிவு விதிகளோடு பின்னப்பட்டது. எல்லா மாநிலங்களிலும் திட்டம் நடைமுறைக்கு வந்து, தளம் அதற்குக் கட்டுப்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. அதாவது கட்டணம் என்பது தரநிலையை விரைவாகப் பின்பற்றத் தூண்டும் அழுத்தம். அழுத்தத்தை எடுத்து, தரநிலையின் தேதியையும் நீட்டினால் இரண்டு பக்கமும் தளர்ந்துவிடும்.

குளிர்வால்வு:

மிகை உமிழ்வுத் திட்டம் பற்றி ஒரு வரி. மணிக்கு 100 கிலோவுக்கு மேல கசியற இடத்தை, சான்றிதழ் பெற்ற வெளியாள் செயற்கைக்கோள், விமானம் மூலம் கண்டு இபிஏ-க்குச் சொல்லலாம். இபிஏ நிறுவனத்துக்கு அனுப்பினா 5 நாளுக்குள் விசாரணை தொடங்கணும், 15 நாளுக்குள் அறிக்கை கொடுக்கணும். அந்தத் திட்டம் நீட்டிப்புல போனது களத்துல உடனே தெரியும், ஏன்னா 100 கிலோ அளவுல கசியறது பெரும்பாலும் திறந்து கிடக்கிற ஹேட்ச், அணைஞ்ச ஃப்ளேர் மாதிரியான ஒரே நாள்ல சரி செய்யக்கூடிய கோளாறுதான். 5 நாள்ல விசாரிக்கணும்கிற கட்டாயம் இல்லேன்னா, அடுத்த முறைப்படியான ஆய்வு வரைக்கும் கிடக்கும். முக்கிய உபகரணம் உள்ள தளத்துக்கு ஓ-பி-யில் கசிவைக் காட்டற அகச்சிவப்பு கேமரா ஆய்வு காலாண்டுக்கு ஒன்று. அதாவது மோசமான சூழ்நிலையில் மூணு மாசம். அதிலும் காற்று பலமா இருந்தா, பின்னணிக்கும் வாயுவுக்கும் வெப்பநிலை வித்தியாசம் குறைவா இருந்தா கேமராவுல கசிவு தெரியாம போகும், அதனால ஆய்வறிக்கையில் காற்று வேகமும் வானிலையும் பதிவாகியிருக்கான்னு பாருங்க. பதிவு இல்லாத "கசிவு இல்லை" என்பதை நம்பாதீங்க.

மாநில_எல்லை:

தாமதமாக வருகிறேன். எல்லாரும் வாஷிங்டனையே பார்க்கிறீர்கள். கொலராடோ 2014-இலேயே மீத்தேன் விதி போட்ட மாநிலம். நியூ மெக்சிகோ 2021-இல் போட்ட விதிப்படி 2026 முடிவுக்குள் உற்பத்தியான வாயுவில் 98% பிடிக்க வேண்டும். சிஆர்ஏ இவற்றைத் தொடாது. நியூ மெக்சிகோவிலும் டெக்சாஸிலும் ஒரே பெர்மியன் படுகைதான், எல்லைக்கு இரண்டு பக்கம் இரண்டு விதிமுறை. இரு மாநிலத்திலும் தளம் வைத்துள்ள நிறுவனம் நியூ மெக்சிகோ பக்கம் கருவி மாற்றிவிட்டு டெக்சாஸ் பக்கம் காத்திருக்கலாம், அதைத் தடுக்கும் கூட்டாட்சித் தேதிதான் தள்ளிப்போயிருக்கிறது.

ஐரோப்பாவும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 2024/1787 என்ற ஒழுங்குமுறை, 2027 ஜனவரி முதல் இறக்குமதி எரிவாயுவின் மீத்தேன் அளவீடு ஐரோப்பிய முறைக்கு ஈடானது என்று காட்டச் சொல்கிறது. திரவ எரிவாயு ஏற்றுமதி செய்பவர்களுக்கு, வாஷிங்டன் விலக்கு கொடுத்தாலும் அளவீட்டுத் தரவு வேண்டியிருக்கும். கட்டண விதியோடு சேர்த்து அளவிடும் பழக்கத்தையும் கைவிட்டால் பிறகு தவிக்க வேண்டியது அவர்கள்தான்.

பிரிவு136:

ஐரோப்பிய விதிபற்றிச் சொன்னது சரி, நன்றி.

வளிமம், எந்த ஒரு விதியின் நிலையையும் சரிபார்க்க ஒரு முறை: முதலில் அரசிதழில் விதியின் பெயரையும் வெளியான தேதியையும் துல்லியமாக எடுங்கள். அடுத்து காங்கிரஸின் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தீர்மானங்களில் தேடுங்கள், தீர்மானத்தில் "தொடர்பான" என்ற சொல்லுக்குப் பின் வரும் விதியின் பெயர் அதுதானா என்று பாருங்கள். பிறகு மின்னணுச் சட்டத்தொகுப்பில் 40-ஆம் தலைப்பின் 60-ஆம் பகுதியைத் திறந்து தேதிகளைப் படியுங்கள். செய்தியில் "ரத்து" என்று இருப்பது அங்கே "2027" என்ற எண்ணாக மட்டுமே இருக்கும். கடைசியாக 136-ஆம் பிரிவின் தொடக்க ஆண்டைப் பாருங்கள், அது ஜூலைச் சட்டத்தால் மாறிய வாசகமா, பழைய வாசகமா என்று. பல இணையதளங்களில் இன்னும் 2024 என்றே இருக்கிறது.